முதுகில் ஓடிய தண்ணீர்

பேரில் மட்டும் நல்லதண்ணீரையும் குடத்தில் உப்புத்தண்ணீரையும் வைத்துக்கொண்டு காலம் தள்ளிய நல்லதண்ணிப்பட்டிக்கு, ஒரு மாசி மாதத்துச் சனிக்கிழமை, அய்யலுசாமியின் முதுகு வழியாகத் தண்ணீர் வந்து சேர்ந்தது.

அதற்கு முன்னால் அந்த ஊர் பார்க்காத வழி இல்லை. போர் போடுகிற லாரி வந்து பூமியைத் துளைத்துத் துளைத்து வெள்ளைப் பொடியைப் புகையாகக் கக்கி, கொடியில் காய்ந்த துணியையெல்லாம் மாவில் புரட்டி எடுத்ததுபோல ஆக்கிவிட்டுப் போனது. தேங்காய் சிவனாண்டி உள்ளங்கையில் ஒரு தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு புஞ்சைக் காடு காடாக நடந்தார். அடியில் நீரோட்டம் இருந்தால் தேங்காய் எழுந்து நிற்க வேண்டும், ஆனால் அது மதியம் கறிச்சோறு சாப்பிட்ட ஆள் மாதிரி புரண்டுகூடப் படுக்கவில்லை. கடைசியில், பக்கத்து ஊரிலிருந்து டிராக்டரில் தண்ணீர்த் தொட்டியைக் கட்டி இழுத்து வருவதுதான் வழி என்று ஆகி, அந்த டிராக்டரை ஓட்டுகிற வேலை அய்யலுசாமிக்கு வாய்த்தது. வாயில் ஒரு பீடி, காதில் ஒரு பீடி, வருகிறபோதே ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு வருவான். கொஞ்சம் பிந்தினால் போதும், குடத்தோடு நிற்கிற பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பிய்த்து எடுப்பார்கள். "ஏன்யா, தண்ணி எடுத்தாரப் போனியா, தண்ணிய உண்டாக்கிட்டு வரப் போனியா?" என்று பக்கத்து வீட்டுப் பூமயில் மதினி கேட்பாள். அவன் சிரித்து, இருமி, மறுபடியும் சிரிப்பான்.

தை மாதக் கடைசியில் அவன் முதுகில் இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே ஒரு வளையம் வந்தது. ஈரமான டம்ளரைத் தூக்கி எடுத்தால் பலகையில் நிற்குமே, அதுமாதிரிச் சிவப்பாக ஒரு வட்டம். அவன் பெண்டாட்டி குருவம்மா அதைப் பார்த்துவிட்டு, "படர்தாமரைங்க. வேர்த்த சட்டையவே மாட்டிக்கிட்டுத் திரிஞ்சா வராம என்ன செய்யும்?" என்று சொல்லி, மருந்துக்கடையில் களிம்பு வாங்கித் தடவினாள். களிம்பைத் தின்றுவிட்டு வட்டம் வளர்ந்தது. அதற்குள் இன்னொரு வட்டம், அதற்குள் இன்னொன்று, கண்மாயில் கல்லெறிந்த மாதிரி ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு முதுகு முழுக்கப் பரவி, மாசி பிறந்தபோது அறுத்துப்போட்ட தேக்குப் பலகையின் ரேகைபோல வளைந்து வளைந்து நின்றது. நின்றது என்றும் சொல்ல முடியாது. நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்காது. காலையில் பார்த்தால் ஒரு விரற்கடை நகர்ந்திருக்கும். அரிப்பென்றால் அப்படியொரு அரிப்பு. சாப்பிட உட்கார்ந்தால் சுவரில் தேய்ப்பான், வண்டியை நிறுத்தினால் டிராக்டர் டயரில் தேய்ப்பான், வீட்டுக்கு வந்தால் நாலு வயது மகள் செண்பகம் அவள் பேன் சீப்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, "அப்பா, நான் உழுறேன்" என்று முதுகில் ஏர் ஓட்டுவாள்.

அந்தச் சனிக்கிழமை குருவம்மா அவனைக் கொல்லையில் துவைக்கிற கல்மேல் உட்காரவைத்து நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏறவே, வேம்பு நிழலுக்குத் தள்ளி உட்காரச் சொன்னாள். அவன் எழுந்து நடக்க, முதுகில் இருந்த வளையங்களும் எழுந்து நடந்தன. வேம்பைத் தாண்டிக் கோழிக்கூட்டுப் பக்கம் போனபோது எல்லா வளையங்களும் கூட்டம் கலைந்து பஸ்ஸுக்கு ஓடுகிற சனம் மாதிரி இடுப்புக்கு மேலே ஒரே இடத்துக்கு ஓடிவந்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு, பானைத் தண்ணீர்போல அசையாமல் நின்றன. ஒரு எட்டு முன்னே வைத்தான், கலைந்தன. ஒரு எட்டு பின்னே வைத்தான், கூடின.

குருவம்மா எதையும் சிரிப்பில் தொடங்குகிறவள். "ஏங்க, உங்க முதுகுல தண்ணி ஓடுதுங்க!" என்று சத்தம்போட்டுச் சிரித்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் பூமயில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள்.

"யாரு முதுகுலடி?"

"உங்க கொழுந்தன் முதுகுலதான் மதினி. வந்து ஒரு குடம் பிடிச்சிக்கங்க."

சிரித்துக்கொண்டேதான் கோழிக்கூட்டை நகர்த்தினார்கள். சிரித்துக்கொண்டேதான் கடப்பாரையைப் போட்டார்கள். பூமயிலின் புருஷன் ஆள் மட்டம் தோண்டியதும் மண் கறுத்தது, ஈரம் கசிந்தது, கணுக்கால் நனைந்தது. அவன் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, மேலே நின்றவர்களுக்குத் தலையை ஆட்டிக் காட்டினான். தண்ணீர் இளநீர் மாதிரி இனித்தது.

அதிசயப்பட ஊருக்கு நேரம் இல்லை. அதிசயப்படுகிற நேரத்தில் ஒரு குடம் சேந்தலாம். அடுத்த நாளே பஞ்சாயத்துத் தலைவர் வீட்டு முன்னால் கூட்டம் கூடி, அய்யலுசாமியின் முதுகு யார் யார் காட்டுக்கு எந்த முறையில் வரவேண்டும் என்று பேசினார்கள். வடக்குத் தெரு முதலில், தெற்குத் தெரு பிறகு என்று ஒருவர் சொல்ல, "ஏன், தெக்குத் தெருக்காரனுக்குத் தாகம் எடுக்காதோ?" என்று இன்னொருவர் எகிற, கடைசியில் சீட்டுக் குலுக்கிப்போட்டார்கள். அய்யலுசாமியின் சொந்தக் காடு எந்தச் சீட்டிலும் இல்லை. அந்த ஊரில் பந்தி பரிமாறுகிற வீட்டுக்காரர்கள் கடைசியில்தான் உட்காருவார்கள். ஊர் கை கழுவி எழுந்த பிறகு மிச்சமிருப்பதை வழித்துப் போட்டுக்கொண்டு, அதையும் சிரித்த முகத்தோடு சாப்பிடுவார்கள். "நாங்கதானே பரிமாறுறோம். எங்க காடு கடைசியில இருக்கட்டும்" என்று குருவம்மாவே எழுந்து சொன்னாள். தலைவர், "தங்கமான புள்ள" என்றார். அந்தச் சொல் அவளுக்குக் காதில் போட்ட தோடு மாதிரி இருந்தது.

பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு காடு. அவன் சட்டையைக் கழற்றிவிட்டு முன்னே நடப்பான், ஊர் பின்னே நடக்கும். வளையங்கள் கூடுகிற இடத்தில் வேப்பங்குச்சி நடுவார்கள், குச்சி நட்ட இடத்தில் கடப்பாரை விழும், கடப்பாரை விழுந்த இடத்தில் தண்ணீர் எழும். எழுந்த தண்ணீரில் கத்தரி வந்தது, கீரை வந்தது, வெண்டை வந்தது. பால்சாமி என்கிற ஆசைக்காரன் கரிசல் மண்ணில் வாழையே வைத்தான். வாழை இலை என்றால் கல்யாணத்துக்கு வருவது என்று மட்டும் தெரிந்திருந்த ஊர்ப் பிள்ளைகள், அது நிற்கிற செடி என்று பார்க்க வரிசையாகப் போனார்கள். தண்ணீர்த் தொட்டி டிராக்டருக்கு வேலை போயிற்று. அது புளியமரத்தடியில் நின்று, கோழி அடைகிற இடமானது. டிராக்டர் ஓட்டியவனுக்கு வேலை போனதாக யாரும் நினைக்கவில்லை. முன்பெல்லாம் வாசலில் நின்றே காபி குடித்துவிட்டுப் போகிறவனுக்கு இப்போது எந்த வீட்டிலும் நாற்காலி எடுத்துப் போட்டார்கள்.

நாற்காலியில் சாய முடியாது, முதுகு எரியும் என்பது வேறு விஷயம்.

அரிப்புக்கு ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். பூமயில் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினாள். பூசியதும் அவனுக்குக் கொஞ்சம் கண் அயர்ந்தது, ஆனால் பச்சைப் பூச்சுக்கு அடியில் வளையம் தெரியாமல் போய், அன்றைக்கு முறை இருந்த வீட்டுக்காரன் சங்கடப்பட்டு நின்றான். அதனால் வேப்பிலை கூடாது என்றார்கள். எண்ணெய் தேய்த்தால் பளபளப்பில் கோடு ஓடுவது பிடிபடவில்லை, எண்ணெயும் கூடாது என்றார்கள். சோப்பு கூடாது. சட்டை போட்டால் வேர்த்துச் சிவந்து கோடுகள் குழம்புகின்றன, சட்டையும் கூடாது. எல்லாவற்றையும் அன்பாகத்தான் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஒரு படி கத்தரிக்காயோ ஒரு சொம்பு மோரோ கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். குருவம்மாவும் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து மேலே வைத்துவிட்டாள். அவனுக்கு இருமல் கூடியது. பனங்கற்கண்டு வாங்கித் தந்தார்கள். உடம்பு இளைத்தது. இளைக்க இளைக்கக் கோடுகள் தெளிவாகத் தெரிந்தன, அதனால் அவன் இளைத்ததைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

தடுப்பூசி போட மாதத்துக்கொரு தடவை ஸ்கூட்டியில் வருகிற நர்ஸ் ஜெபராணி, வைகாசியில் செண்பகத்துக்கு எடை பார்க்க வந்தபோது அவனைப் பார்த்தாள். மாவு அரைத்த கையோடு வெளியே வந்த குருவம்மாவைக் கையைப் பிடித்து வேலி ஓரமாகக் கூட்டிப்போனாள்.

"யக்கா, அண்ணன் முதுகுல என்ன இது?"

"உனக்குத் தெரியாதா? ஊரே கும்பிடுது. தண்ணி ரேகை."

"ரேகையெல்லாம் இருக்கட்டும். ஆளு பாதியாயிட்டாரே. இருமும்போது சளியில ரத்தம் வருதா?"

குருவம்மா கையிலிருந்த மாவை வழித்துக்கொண்டே இருந்தாள். வழிக்க அதில் ஒன்றும் இல்லை.

"பீடி குடிக்கிற மனுசன். எப்பவாச்சும் லேசா..."

"யக்கா, சொல்றதக் கேளு. தோலுங்கிறது வீட்டு வாசக்கதவு மாதிரி. உள்ள ஏதோ நடக்குதுன்னா சில சமயம் அங்கதான் தெரியும். இது படர்தாமரை இல்ல. இந்த வாரமே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. நான் வேணா பஸ் ஏத்தி விடுறேன்."

"போகத்தான் வேணும்" என்றாள் குருவம்மா. சொல்லும்போதே அவள் கண் வேலிக்கு அப்பால் போயிற்று. சீட்டில் இன்னும் கொஞ்சம் காடுகள்தான் மிச்சம். அவை முடிந்தால் தன் காடு. அப்பன் வீட்டில் சீராகத் தந்த அந்தக் காட்டில் கல்யாணமான நாளிலிருந்து எள்ளைத் தவிர எதையும் பார்த்ததில்லை. கிணறு வந்தால் கரையில் ஒரு முருங்கை, ஓரமாக மல்லிகை, செண்பகத்துக்குக் குளிக்க ஒரு தொட்டி என்று அவள் கல் தேடிக்கூட வைத்துவிட்டாள். "எங்க முறை வந்து போகட்டும் ஜெபராணி. அதுக்கு மறுநாளே கிளம்பிருவோம்."

ஜெபராணி ஸ்கூட்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனாள். குருவம்மா இந்தப் பேச்சைப் புருஷனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் பயப்படுவான் என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். அந்தக் காரணம் மாவு இல்லாத கை மாதிரி இருந்தது, அதையும் வழித்துக்கொண்டே இருந்தாள்.

ஆனி மாதத்தில் அவர்கள் முறை வந்தது. ஊருக்கு நன்றி இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. கைக்குழந்தை முதற்கொண்டு எல்லாரும் வந்தார்கள். பூமயில் பொங்கல் பானையோடு வந்தாள். பிழைப்புப் போய்விட்ட தேங்காய் சிவனாண்டிகூட, அந்த வருத்தத்தை மறந்து, பழக்கதோஷத்தில் தேங்காயையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

அய்யலுசாமி சட்டையில்லாத முதுகோடு காட்டுக்குள் இறங்கினான். வளையங்கள் சுழன்றன, நெளிந்தன, இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே போய்க் கூடின. எப்போதும் இடுப்புக்குத்தான் இறங்கும். "இன்னும் கொஞ்சம் தெக்க போ மாப்ள" என்றார்கள். தெற்கே போனான். அங்கேயே நின்றன. வடக்கே போனான், அங்கேயேதான். கிழக்கு மூலை, மேற்கு மூலை, வரப்பு, பாறை, குருவம்மா கல் அடுக்கி வைத்திருந்த இடம். காட்டில் அவன் எங்கே நின்றாலும் வளையங்கள் அவன் மேல் ஒரே இடத்தில்தான் நின்று, தூர் வாரும்போது மண் சுழலுமே அதுபோலக் கருஞ்சிவப்பாய்ச் சுழன்றுகொண்டிருந்தன.

"இந்தக் காட்டுல தண்ணி இல்ல போலிருக்கேத்தா" என்றார் தலைவர், துக்கம் கேட்கிற குரலில்.

"அதெப்படி இல்லாமப் போகும்? இப்படித் திரும்புங்க. இல்ல, இந்தப் பக்கம். குனிஞ்சு நில்லுங்க." குருவம்மா அவன் தோளைப் பிடித்துத் திருப்பினாள், இழுத்தாள், தள்ளினாள். அவனுக்கு மூச்சு வாங்கியது. "இரு புள்ள, கொஞ்சம் உக்காந்துக்கிறேன்" என்றான். "ஒரே ஒரு எட்டுங்க, அந்த மூலை மட்டும்" என்றாள். அவன் அந்த மூலைக்கும் போனான்.

சிவனாண்டிக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. "முதுகு கைவிட்டா என்ன, தேங்கா இருக்குல்ல" என்று உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு காட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். தேங்காய் தூங்கியது. சுற்றி முடித்து அய்யலுசாமியின் பின்னால் கடந்தபோது அவர் கையில் தேங்காய் எழுந்து நின்றது.

எல்லாரும் சிரித்தார்கள். "யோவ், அது ஆளு, கிணறு இல்ல!" என்றது கூட்டம். சிவனாண்டி இரண்டு எட்டு விலகினார், தேங்காய் படுத்தது. கிட்ட வந்தார், எழுந்தது. இடது தோள்பட்டைக்கு நேராகக் கையை நீட்டினார். தேங்காய் குடுமி மேலே தூக்கி, விறைத்து, நடுங்கியது. வாழ்நாள் முழுவதும் அது அப்படி எழுந்து நிற்கவேண்டும் என்று ஏங்கிய மனுஷன், "தாயே, படுத்துக்கோ, படுத்துக்கோ" என்று அதைக் கெஞ்சினார்.

சிரிப்பு ஒவ்வொரு வாயிலாக அணைந்தது.

குருவம்மாவுக்கு அப்போதுதான் முதல் வளையம் ஞாபகம் வந்தது. டம்ளர் அடி மாதிரி, அதே இடத்தில். அதற்குப் பிறகு ஒவ்வொரு காட்டிலும் வளையங்கள் இடுப்புக்கு இறங்குவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் அந்த இடத்துக்குப் போய் நின்றதும் ஞாபகம் வந்தது. வேலையாக இருக்கிற அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து ஏதோ சொல்லவந்த பிள்ளை, அம்மா திரும்பாததைப் பார்த்துவிட்டு விளையாடப் போவதுபோல அவை போனதும் ஞாபகம் வந்தது. அந்தத் தோல் தன்னுடைய ஆளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தது. இவர்கள் எல்லாரும் அதனிடம் அவரவர் காட்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவள் முந்தானையை இழுத்து அவன் முதுகை மூடினாள். மாதக்கணக்கில் அவன் மேல் துணி படவில்லை. அவன் குளிர்ந்துபோனவன் மாதிரி அதைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான்.

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நுரையீரலில் கட்டி இருக்கிறது, புற்றுநோய்தான், அதைச் சுற்றி நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்றாள். இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே ஊசியைக் குத்தி, குழாய் வைத்து, அந்த நீரைப் பாட்டிலில் இறக்கினார்கள். கறுத்த தேநீர் நிறத்தில் அது சொட்டுச் சொட்டாக இறங்குவதைக் குருவம்மா பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இந்த வளையம் எப்ப வந்துச்சு?"

"தை மாசம்மா."

"கட்டி உள்ள இருக்கிறது தோல்ல இப்படித் தெரியுறது ரொம்ப அபூர்வம். நூத்துல ஒருத்தருக்குக்கூட வராது. உங்க வீட்டுக்காரருக்கு அது ஆரம்பத்துலயே எழுதிக் காட்டியிருக்கு. ஆறு மாசமா என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?"

"தண்ணி பாத்தோம்மா" என்றாள் குருவம்மா.

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. முழுசாகக் குணமாக்குகிறேன் என்று தன்னால் சொல்ல முடியாது, மருந்து ஏற்றலாம், மருந்துக்குக் கட்டி சுருங்கினால் வளையமும் மறையும், அதுதான் நமக்கு அடையாளம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் வராந்தாவில் ஆரஞ்சு உரித்துக்கொண்டே குருவம்மா அவனிடம் சொன்னாள். "ஜெபராணி வைகாசியிலயே சொன்னா. நான்தான் நம்ம முறை வரட்டும்னு உங்ககிட்ட மறைச்சேன்."

அவன் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டான். "எனக்கு உள்ள வலிச்சது எனக்குத் தெரியாதா புள்ள? நாற்காலி போட்டாங்க. அதான் நானும் பேசாம இருந்துட்டேன்." பிறகு, "ஆனா அந்த மூலைக்குப் போகச் சொன்ன பாரு, அது கொஞ்சம் அதிகம்" என்றான். சிரித்தானா என்று பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த சுளையை உரித்துக் கொடுத்தாள், வாங்கிக்கொண்டான்.

முதல் மருந்து ஏறிய வாரத்தில் ஓரத்து வளையம் ஒன்று வெளுத்தது. அதே வாரத்தில் பூமயிலிடமிருந்து போன் வந்தது.

"ஏய் குருவு, எங்க கிணத்துல தண்ணி ஒரு முழம் எறங்கிருச்சுடி!"

"அய்யோ மதினி..."

"என்னடி அய்யோ? கொழுந்தனுக்கு எப்படி இருக்கு? அதச் சொல்லு மொதல்ல."

"ஒரு வளையம் மறைஞ்சிருக்கு மதினி."

மறுமுனையில் பூமயில் அழுவதும், யாரிடமோ, "நான் சொன்னேன்ல, சொன்னேன்ல" என்று கத்துவதும் கேட்டது.

அப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது. அந்த முதுகிலிருந்து வந்த தண்ணீர் அந்த முதுகோடுதான் போகும். தெரிந்ததும், தாகத்தோடு பிறந்து தாகத்தோடு வளர்ந்த அந்தச் சனம், விடிந்ததும் எழுந்து கிணற்றை எட்டிப் பார்த்து, தண்ணீர் இறங்கியிருக்க வேண்டும் என்று சாமி கும்பிடத் தொடங்கியது. கத்தரி வாடியவள் பூமயிலிடம் வந்து, "எங்களுது பாதியாயிருச்சு" என்று பெருமையாகச் சொன்னாள். அடிமண் தெரிந்த கிணற்றுக்காரன் தெருவில் மிட்டாய் கொடுத்தான். இறங்காத கிணற்றுக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்கள். மழைக்காக அந்த ஊர் அம்மனிடம் கேட்காத வருஷம் இல்லை. அந்த ஆடியில் மட்டும் கூழ் ஊற்றிவிட்டு, "தாயே, எங்க கிணத்த வத்த வையி" என்று கேட்டது, அம்மனே குழம்பியிருப்பாள். புளியமரத்தடியில் கோழிகளை விரட்டிவிட்டு டிராக்டரைக் கழுவினார்கள். தண்ணீர் எடுக்கப் போகிற வேலையை முறைபோட்டு ஆளுக்கொரு நாள் செய்தார்கள். ஹாரனை மட்டும் யாரும் அமுக்கவில்லை.

கடைசியில் பால்சாமியின் கிணறு ஒன்றுதான் நின்றது. அது வற்றவில்லை. வாழை குலை தள்ளியிருந்தது. ஊர் போய் வேலியோரம் நின்று பார்த்தது. "என்ன ஏன்யா பாக்கிறீங்க? நானா வத்த விடாமப் பிடிச்சு வச்சிருக்கேன்?" என்று பால்சாமி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதான். ஆசைப்பட்டு வாழை வைத்தவன் தானே என்று அவனுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. மோட்டாரை வாடகைக்குக் கொண்டுவந்து கிணற்றில் இறக்கி இறைக்க ஆரம்பித்தான். பகலெல்லாம் இறைத்தான். தண்ணீர் வாழையைத் தாண்டி, வரப்பை உடைத்து, தெருவில் இறங்கி, ஒவ்வொரு வாசலாக இனிக்க இனிக்க ஓடியது. நல்லதண்ணிப்பட்டியில் ஒரு பெண்கூட அதில் குடத்தை வைக்கவில்லை. காலில் பட்டுவிடாமல் சேலையைத் தூக்கிக்கொண்டு தாண்டிப் போனார்கள்.

அந்தத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் குருவம்மாவும் அய்யலுசாமியும் பஸ்ஸை விட்டு இறங்கி ஊருக்குள் வந்தார்கள். அவன் சட்டை போட்டிருந்தான். தலையில் முடி இல்லை, வயதும் பத்துப் பன்னிரண்டு கூடினாற்போல் இருந்தது. முதுகில் எல்லா வளையங்களும் போய், இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே ஒன்றே ஒன்று, கட்டைவிரல் நகத்தளவுக்கு, மங்கலாக மிஞ்சியிருந்தது. அது போகுமா என்று கேட்டதற்கு டாக்டரம்மா, "இருக்கிறதப் பாத்துக்கிட்டே இருங்க" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

தெருவில் ஓடுகிற தண்ணீரையும், அதன் இரண்டு கரையிலும் காலி வாயோடு கவிழ்ந்திருந்த குடங்களையும், வாசலுக்கு வாசல் மூச்சைப் பிடித்து நிற்கிற சனத்தையும் அய்யலுசாமி பார்த்தான். மெல்லக் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தான். பால்சாமி வாயைப் பொத்திக்கொண்டான்.

"நல்லாத்தானே இருக்கு. ஏன்யா இப்படிப் பாழாக்குறீங்க?" என்றான் அய்யலுசாமி. "மோட்டாரை நிப்பாட்டுங்க. இது வத்துற அன்னிக்கு வத்தட்டும்."

நிறுத்த யாருக்கும் கை வரவில்லை. குருவம்மாதான் பையைக் கீழே வைத்துவிட்டுப் போய் நிறுத்தினாள்.

அந்த வளையம் இன்னும் இருக்கிறது, அந்தக் கிணறும் இருக்கிறது. நல்லதண்ணிப்பட்டியில் இப்போது சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்றால் ஊரே ஒருவர் முதுகை ஒருவர் வெயிலில் திருப்பிப் பார்க்கிறது. புதிதாக ஒரு மறு, ஒரு கறுப்பு, ஒரு தடிப்பு கண்ணில் பட்டால் எண்ணெய் காய்வதற்குள் ஜெபராணிக்குப் போன் போய்விடும். அவள் சலித்துக்கொண்டு, "கொசுக்கடிக்கெல்லாம் கூப்பிடாதீங்கய்யா" என்று திட்டிவிட்டு, வந்து பார்த்துவிட்டுத்தான் போகிறாள். குருவம்மா அவனுக்கு எண்ணெய் தேய்க்கிறபோது கட்டைவிரலை அந்த வளையத்தின் மேல் வைத்துப் பார்ப்பாள். விரலுக்குள் அடங்கிவிட்டால் அன்றைக்கு அவளுக்குப் பாட்டு வரும்.

கிணற்றடிக்குப் போனால் அவள் வரிசையில் கடைசியில் போய் நிற்கிறாள். அங்கேதான் பூமயில் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டு, "நீ சேந்து மொதல்ல" என்பாள். "நீங்க சேந்துங்க மதினி" என்பாள் இவள். அவளும் சேந்த மாட்டாள், மற்றவர்களும் மாட்டார்கள். வாளி சும்மா தொங்கும், வெயில் ஏறும், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் பிந்தும். கடைசியில் குருவம்மா முன்னால் வந்து கயிற்றைப் பிடித்து, யார் முகத்தையும் பார்க்காமல், அரைக்குடம் மட்டும் எடுத்துக்கொண்டு போவாள். அதற்குப் பிறகுதான் அந்த ஊரில் தண்ணீர் சேந்துவார்கள்.

நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம். குடத்தை முதலில் நீட்டிவிடாதீர்கள். அந்த மனுஷன் எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள், அதற்கப்புறம் தாகத்துக்குத் தருவார்கள்.